ரென் ஃபேரில் சேர்ந்து பாட: முதல்முறை போகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

அமெரிக்காவில் ரெனசான்ஸ் திருவிழாவுக்கு (சுருக்கமாக ரென் ஃபேர், பழங்கால ஆங்கிலேயக் கிராமம் போல வேடமிட்டு நடத்தும் சந்தை) போய்வரும் நம்மவர்கள் பெரும்பாலும் குதிரைமேல் நடக்கும் ஈட்டிச் சண்டையையும் முழங்கை நீள வான்கோழிக் காலையும் பற்றித்தான் பேசுவார்கள். சாயங்காலம் அங்கே நடக்கும் பாட்டுக் கூட்டத்தைப் பார்த்தவர்கள் குறைவு. அதற்குள் கால் வலித்து காருக்குக் கிளம்பியிருப்பார்கள். என்னைக் கேட்டால் டிக்கெட் காசே அந்தக் கடைசி ஒரு மணி நேரத்துக்குத்தான். காலையில் தாமதமாகப் போங்கள், பரவாயில்லை. சீக்கிரம் திரும்பிவிடாதீர்கள்.

அந்தக் கூட்டத்துக்கு 'பப் சிங்' என்று பெயர். நாள் முழுக்கத் தனித்தனி மேடைகளில் பாடிய குழுக்கள் ஒரே இடத்தில் சேர்ந்து, பார்க்க வந்தவர்களையும் இழுத்துவைத்துப் பாடுவார்கள். முதல்முறை போகிறவருக்கு அங்கே ஒரு தயக்கம் வரும். சுற்றி நிற்கும் எல்லோருக்கும் பாட்டு தெரிந்திருக்கிறது, நமக்கு மட்டும் தெரியவில்லை என்று தோன்றும். கொஞ்சம் காதுகொடுத்துக் கேளுங்கள். நடுவில் வரும் சரணங்களைப் பாடுவது மேடையில் இருக்கும் நாலைந்து பேர்தான். கோரஸ் வரும்போதுதான் கூட்டம் முழுக்க வாய் திறக்கிறது. ஆகவே நீங்கள் படிக்க வேண்டியது சில கோரஸ்கள் மட்டும். அதோடு, எந்தப் பாட்டில் சேர்ந்து பாட வேண்டும், எந்தப் பாட்டில் வாயை மூடிக்கொண்டு கேட்க வேண்டும் என்ற பாகுபாடு தெரிந்தால் போதும். இந்தக் கட்டுரை முழுக்க அந்த இரண்டைப் பற்றித்தான்.

கொஞ்சம் பின்கதை

இந்தத் திருவிழாக்கள் ஐரோப்பாவில் இருந்து வந்த பழக்கம் இல்லை. 1963 மே மாதம் லாஸ் ஏஞ்சலஸில், கே.பி.எஃப்.கே என்ற வானொலி நிலையத்துக்கு நிதி திரட்ட ஃபில்லிஸ் பேட்டர்சனும் அவர் கணவர் ரானும் நடத்திய சந்தையில் இருந்து வளர்ந்தவை. அமெரிக்காவில் நாட்டுப்பாடல் மோகம் உச்சத்தில் இருந்த வருடங்கள் அவை. அதற்கு இரண்டு வருடம் முன்புதான், 1961இல், அயர்லாந்துப் பாடகர்களான கிளான்சி சகோதரர்களும் டாமி மேக்கமும் எட் சல்லிவன் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் பாடி, அயர்லாந்துக் குடிப்பாட்டுகளை அமெரிக்க வீடுகளுக்குள் கொண்டுபோய்ச் சேர்த்திருந்தார்கள். அதனால்தான் 'எட்டாம் ஹென்றி ஆளும் ஆங்கிலேயக் கிராமம்' என்று சொல்லிக்கொள்ளும் இடத்தில் அயர்லாந்துப் பாட்டும் ஸ்காட்லாந்துப் பாட்டும் கப்பல் பாட்டும் கலந்து கேட்கின்றன. திருவிழாவும் அந்தப் பாட்டுகளும் ஒரே அலையில் வந்தவை.

எங்கே, எப்போது

மேரிலாந்தில் அன்னபோலிஸ் பக்கம் கிரவுன்ஸ்வில் என்ற ஊரில் ஆகஸ்ட் கடைசியில் தொடங்கி அக்டோபர் வரை வார இறுதிகளில் நடக்கும். ஹூஸ்டனுக்கு வடமேற்கே டாட் மிஷனில் 1974இல் இருந்து நடப்பது டெக்சாஸ் திருவிழா. அக்டோபர், நவம்பர் அதன் காலம். தென் கலிஃபோர்னியாவில் இர்வின்டேலில் வசந்த காலத்தில். மினசோட்டாவில் ஷாக்கபி, நியூயார்க் அருகே டக்சிடோ, சிகாகோக்காரர்களுக்கு விஸ்கான்சின் எல்லை தாண்டியதும் கெனோஷா. உங்களுக்கு எது பக்கமோ அதற்குப் போங்கள்.

தேதி குறித்த டிக்கெட்டுகளை முன்கூட்டியே விற்றுத் தீர்க்கும் இடங்கள் உண்டு, ஆகவே இணையத்தில் பார்த்து வாங்கிவிடுங்கள். வாசலில் கொடுக்கும் நிகழ்ச்சி நிரலைக் கையில் வாங்கியவுடன் முதல் வேலை, கடைசிப் பக்கத்துக்குப் போய் பப் சிங் எந்த மேடையில், எத்தனை மணிக்கு என்று பார்ப்பது. அப்புறம் அதே குழுக்கள் பகலில் எங்கே பாடுகிறார்கள் என்று தேடிக் குறித்துக்கொள்ளுங்கள். காரணம் இருக்கிறது. பகல் காட்சியில் கூட்டம் குறைவாக இருக்கும். முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டால் மாலையில் பாடப்போகும் கோரஸ்களில் பாதி அங்கேயே காதில் ஏறிவிடும். பாடகர்களும் பகலில் நிதானமாகச் சொல்லிக்கொடுப்பார்கள். மாலையில் யாருக்கும் அந்தப் பொறுமை இருக்காது.

போகும் முன் வீட்டிலேயே

ஒரு வாரம் கார் ஓட்டும்போது கேட்டால் போதும். எல்லாத் திருவிழாவிலும் எல்லாம் பாடுவார்கள் என்று சொல்ல முடியாது, ஆனால் கீழே உள்ளவற்றில் சில கட்டாயம் காதில் விழும்.

'தி வைல்ட் ரோவர்' முதலில். ஊதாரியாகத் திரிந்தவன் ஒருவன் பழைய குடிக்கடைக்கு வந்து கடன் கேட்கிறான். கடைக்காரி முடியாது என்கிறாள். பையில் இருந்து தங்கக் காசுகளை எடுத்துக் காட்டியதும் அவள் குரல் குழைகிறது. இனி இந்த வாழ்க்கை வேண்டாம், வீட்டுக்குப் போகிறேன் என்று முடிக்கிறான். குடியை விட்டவனின் பாட்டைக் கையில் கோப்பையோடு ஊரே பாடுவதுதான் இதில் வேடிக்கை. இதன் வேர் 17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் அச்சுப் பாட்டுகளில் இருக்கிறது. கோரஸில் 'நோ, நே, நெவர்' என்று வந்தவுடன் கைதட்டு உண்டு. எத்தனை தட்டு என்பது ஊருக்கு ஊர் மாறும். முதல் கோரஸில் பக்கத்து மேசையைப் பாருங்கள், இரண்டாவதில் நீங்களும் சேர்ந்துவிடலாம். சிலர் தட்டுக்கு நடுவே கூச்சல் வசனம் ஒன்றையும் சொருகுவார்கள். அதை அங்கேதான் கற்க வேண்டும், எழுதிக் காட்டுகிற மாதிரி இருக்காது.

'ஜான் பார்லிகார்ன்' எனக்கு மிகவும் பிடித்தது. பார்லி தானியத்தையே ஒரு ஆளாக்கிவிட்ட பாட்டு. மூன்று பேர் அவனைக் கொல்லச் சபதம் செய்கிறார்கள். உழுது புதைக்கிறார்கள், மழை பெய்ததும் எழுந்து நிற்கிறான், தாடி முளைத்து ஆண்பிள்ளை ஆகிறான். முழங்காலில் வெட்டுகிறார்கள், கவையால் குத்துகிறார்கள், கட்டிவைத்து அடிக்கிறார்கள், இரண்டு கல்லுக்கு நடுவே அரைக்கிறார்கள். கடைசியில் கோப்பைக்குள் வந்து, தன்னைக் கொன்ற அத்தனை பேரையும் சாய்த்துவிடுகிறான். பீர் காய்ச்சும் முறை வரிசை தப்பாமல் இதற்குள் இருக்கிறது. 17ஆம் நூற்றாண்டிலேயே அச்சான பாட்டு. பின்னால் ஸ்காட்லாந்துக் கவிஞர் ராபர்ட் பர்ன்ஸ் தன் கையால் ஒரு வடிவம் எழுதினார்.

'மார்ட்டின் செட் டு ஹிஸ் மேன்' அசல் அந்தக் காலத்துச் சரக்கு. 1609இல் தாமஸ் ரேவன்ஸ்கிராஃப்ட் என்ற ஆங்கிலேய இசைக்காரர் அச்சிட்ட 'டியூட்டெரோமீலியா' தொகுப்பில் இருக்கிறது. போதையில் இரண்டு பேர் போட்டிபோட்டுப் பொய் சொல்கிறார்கள். நிலாவில் இருக்கிற ஆளைப் பார்த்தேன், முயல் நாயைத் துரத்துவதைப் பார்த்தேன், எலி பூனையைப் பிடித்தது. ஒவ்வொரு பொய்க்கும் கூட்டம் 'ஹூஸ் தி ஃபூல் நௌ' என்று திருப்பிக் கேட்க வேண்டும், அதாவது இப்போது யார் முட்டாள் என்று. உங்கள் வேலை அந்த நாலு சொல்தான். புதியவர்களுக்கு இதைவிட எளிய பாட்டு கிடையாது.

'தி ராட்லின் பாக்' வேறு விதம். சதுப்பு நிலம், அதில் மரம், மரத்தில் கிளை, கிளையில் கொப்பு, கொப்பில் கூடு, கூட்டில் முட்டை என்று ஒவ்வொரு சுற்றிலும் ஒன்று கூடிக்கொண்டே போகும், வேகமும் கூடும். மூச்சு வாங்கியவர் தோற்றார். இதில் வார்த்தை தவறினால் சிரிப்பு கூடுமே தவிர யாரும் முறைக்க மாட்டார்கள்.

'டிரங்கன் செய்லர்' எல்லோரும் அறிந்தது. 2021 ஜனவரியில் நேத்தன் எவன்ஸ் என்ற ஸ்காட்லாந்துத் தபால்காரர் டிக்டாக்கில் பாடிப் பரப்பிய 'வெல்லர்மேன்' என்ற கடல் பாட்டு வழியாக இந்தப் பக்கம் வந்தவர்கள் நிறைய. இந்தக் கப்பல் பாட்டுகளில் தலைவர் ஒரு வரி பாட, மற்றவர்கள் ஒரு வரி பதில் பாட வேண்டும். இவற்றில் பல பாய்மரக் கயிறு இழுக்கும் வேலைக்காகப் பிறந்தவை என்பதால் இழுக்கும் இடத்தில்தான் அழுத்தம் விழும். அந்த அழுத்தத்தில் மேசையைத் தட்டுங்கள், மற்ற இடத்தில் வேண்டாம்.

கூட்டம் முடியும் நேரம் 'தி பார்ட்டிங் கிளாஸ்' அல்லது 'ஹியர்ஸ் எ ஹெல்த் டு தி கம்பெனி' வரும். இரண்டும் விடைபெறும் பாட்டுகள். தட்டு, கூச்சல், கோப்பை மோதல் எதுவும் கூடாது. பலர் எழுந்து நிற்பார்கள், தொப்பியைக் கழற்றுவார்கள். மெதுவாகப் பாடுங்கள்.

வட்டப்பாட்டு

ஒரே மெட்டை மூன்று கூட்டமாகப் பிரிந்து, ஒருவர் பின் ஒருவராகத் தொடங்கிச் சுற்றிச் சுற்றிப் பாடுவது தனி வகை. ஆங்கிலப் பள்ளியில் படித்தவர்களுக்கு 'த்ரீ பிளைண்ட் மைஸ்' தெரிந்திருக்கும். குழந்தைப் பாட்டு என்று நாம் நினைப்பது, அதே 1609 தொகுப்பில் பெரியவர்கள் சேர்ந்து பாட அச்சிடப்பட்ட வட்டப்பாட்டு. 'ஹே ஹோ, நோபடி ஹோம்' ரேவன்ஸ்கிராஃப்ட் அதே வருடம் வெளியிட்ட 'பம்மீலியா' என்ற இன்னொரு தொகுப்பில் வருகிறது. விதி ஒன்றுதான். முந்தைய கூட்டம் முதல் வரியை முடித்து இரண்டாவதற்குப் போகும்போது நீங்கள் முதல் வரியைத் தொடங்க வேண்டும். தொடங்கியபின் பக்கத்துக் கூட்டத்தைக் கேட்காதீர்கள். காதில் விரல் வைத்துக்கொள்கிறவர்களை அங்கே பார்ப்பீர்கள், அவர்கள் தங்கள் வரியைக் காப்பாற்றிக்கொள்கிறார்கள்.

மெட்டு பிடிபட ஒரு குறுக்குவழி

கர்நாடக சங்கீதம் கொஞ்சம் தெரிந்தவர்களுக்கு இந்தப் பாட்டுகள் அந்நியமாக இருக்காது. பெரும்பாலான குடிப்பாட்டுகள் சங்கராபரண ஸ்வரங்களில் நடக்கும், 'வைல்ட் ரோவர்' உட்பட. 'டிரங்கன் செய்லர்', 'ஸ்கார்பரோ ஃபேர்' போன்றவை மேல்நாட்டார் டோரியன் என்று சொல்லும் அமைப்பில் இருக்கின்றன. ஸ்வரம் எழுதிப் பார்த்தால் கரஹரப்ரியாதான். ஹரிகாம்போதியில் அமைந்தவையும் உண்டு. கமகம் போட்டு இழுக்க வேண்டாம், நேராகப் பிடியுங்கள், சரியாக வந்துவிடும்.

இன்னொன்று. சின்ன வயதில் நோட்டுஸ்வரம் படித்திருந்தால் 'வந்தே மீனாக்ஷி' பாடியிருப்பீர்கள். முத்துஸ்வாமி தீட்சிதர் கேட்டு எடுத்தாண்ட அந்த மெட்டு 'தி ரேக்ஸ் ஆஃப் மாலோ'. அயர்லாந்தில் மாலோ என்ற ஊரில் குடித்து, ஆடி, ஜன்னலை உடைத்துத் திரிந்த பணக்காரப் பையன்களைப் பற்றிய 18ஆம் நூற்றாண்டுப் பாட்டு அது. பாட்டு வாத்தியார்கள் இதைச் சொல்லிக்கொடுப்பதில்லை. திருவிழாவில் பிடில்காரர் யாராவது அதை எடுத்தால் அடுத்த ஸ்வரம் என்ன என்பது உங்களுக்கு முன்பே தெரியும்.

எது பழசு, எது புதுசு

இதைப் பற்றி அங்கே சண்டை போடுகிறவர்கள் உண்டு. நீங்கள் போட வேண்டாம், ஆனால் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. கப்பல் பாட்டுகள் பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டு. எல்லோரும் கண்மூடிப் பாடும் 'வைல்ட் மவுண்டன் தைம்' பெல்ஃபாஸ்டின் மக்பீக் குடும்பம் 1950களில் பரப்பியது, அதற்கு முன்னோடி ராபர்ட் டானஹில்லின் ஒரு ஸ்காட்லாந்துப் பாட்டு. கில்ட் பாவாடை கட்டிய குடிகாரன் சாலையோரம் தூங்கிப்போக, இரண்டு பெண்கள் வந்து குறும்பு செய்துவிட்டுப் போகும் 'தி ஸ்காட்ஸ்மேன்' நூற்றாண்டுக் கணக்கில் பழசு என்று பலர் நம்புகிறார்கள். எழுதியவர் மைக் கிராஸ் என்ற அமெரிக்கர், 20ஆம் நூற்றாண்டுக்காரர்.

மறுபக்கம், 'கிரீன்ஸ்லீவ்ஸ்' நிஜமாகவே பழசு. 1580இல் லண்டன் அச்சகத்தார் சங்கத்தின் பதிவேட்டில் அந்தப் பெயர் ஏறியிருக்கிறது, ஷேக்ஸ்பியர் நாடகத்திலும் வருகிறது. ஆனால் அதை எட்டாம் ஹென்றி, பின்னால் தன் மனைவியான ஆன் பொலினுக்காக எழுதினார் என்று யாராவது சொன்னால் தலையாட்டிவிட்டு நகருங்கள். அதன் மெட்டு இத்தாலிய வார்ப்பு, அவர் இறந்த பிறகுதான் அந்த வார்ப்பு இங்கிலாந்துக்கு வந்தது. ஹென்றி எழுதியது வேண்டும் என்றால் 'பாஸ்டைம் வித் குட் கம்பெனி' இருக்கிறது. அதுவும் கூட்டமாகப் பாட நன்றாக இருக்கும்.

என் கட்சி என்னவென்றால், கோரஸ் நன்றாக இருந்தால் வயது பார்க்க வேண்டியதில்லை. கிதார் பிடித்துக்கொண்டு எட்டாம் ஹென்றி காலத்து உடை போட்டவரிடம் போய் ஆண்டு கேட்பது அவருக்கும் சங்கடம், நமக்கும் சங்கடம்.

கதைப்பாடல் வரும்போது

இதுவரை சொன்னது வாய் திறப்பதற்கு. இனி மூடுவதற்கு.

திடீரென்று வாத்தியங்கள் நின்று, ஒருவர் மட்டும் முன்னால் வந்து, அவசரமில்லாமல் பாடத் தொடங்கினால் அது கதைப்பாடல் என்று எடுத்துக்கொள்ளுங்கள். நாலு வரிச் செய்யுள். முதல் வரியில் நாலு அழுத்தம், இரண்டாவதில் மூன்று, மறுபடி நாலு, மூன்று. இரண்டாம் வரியும் நாலாம் வரியும் இயையும். அலங்காரம் இருக்காது. யார் யாரைக் கொன்றார், ஏன் அழுதார் என்பது உரையாடலாக வரும். நடுவில் சொல்லவேண்டியதைச் சொல்லாமல் தாவும். ஒரு செய்யுளைத் தவறவிட்டால் கதை போயிற்று. அதனால்தான் பேசக்கூடாது, தட்டக்கூடாது, பீர் வாங்க எழுந்து போகக்கூடாது.

இரண்டு கதைகளை முன்பே தெரிந்துகொண்டு போனால் ஆங்கில உச்சரிப்பு புரியாவிட்டாலும் தொடர முடியும். 'பார்பரா ஆலன்' ஒன்று. காதல் நோயில் சாகக் கிடக்கும் இளைஞன் ஆள் அனுப்புகிறான். அவள் மெதுவாக நடந்து வந்து, திரையை விலக்கிப் பார்த்து, நீ சாகப்போகிறாய் என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்புகிறாள். வழியில் சாவு மணி கேட்கிறது. மறுநாள் அவளும் போய்ச் சேருகிறாள். இருவர் கல்லறையில் இருந்தும் ஒரு ரோஜாவும் ஒரு முள்செடியும் வளர்ந்து பின்னிக்கொள்கின்றன. 1666 ஜனவரி 2ஆம் தேதி, நாட்குறிப்புக்காரர் சாமுவேல் பீப்ஸ் ஒரு நடிகை இதைப் பாடக் கேட்டு மகிழ்ந்ததாக எழுதியிருக்கிறார்.

இன்னொன்று 'தி த்ரீ ரேவன்ஸ்', ரேவன்ஸ்கிராஃப்ட் 1611இல் வெளியிட்ட 'மெலிஸ்மாட்டா'வில் உள்ளது. மரத்தில் மூன்று அண்டங்காக்கைகள் காலைச் சாப்பாட்டுக்கு எங்கே போகலாம் என்று பேசிக்கொள்கின்றன. கீழே ஒரு வீரன் வெட்டுப்பட்டுக் கிடக்கிறான். அவன் நாய்கள் காலடியில் காவல் இருக்கின்றன, வல்லூறுகள் மேலே வட்டமிடுகின்றன, எந்தப் பறவையும் நெருங்க முடியவில்லை. நிறைசூலி மான் ஒன்று வந்து அவன் தலையைத் தூக்கி, காயங்களை முத்தமிட்டு, முதுகில் சுமந்துபோய்ப் புதைத்துவிட்டு, அந்தி வழிபாட்டு நேரத்துக்குள் தானும் இறக்கிறது. இதில் கதை வரிகளுக்கு நடுநடுவே 'டவுன் எ டவுன்' என்று பொருளில்லாத வரி வரும். பாடகர் கையைக் காட்டினால் அதை மட்டும் மெல்லப் பாடலாம். காட்டாவிட்டால் வேண்டாம்.

இந்த மாதிரிப் பாட்டுகள் அந்தக் காலத்தில் ஒற்றைத் தாளில் அச்சாகிச் சந்தைகளில் ஒரு பென்னிக்கு விற்றன. இசைக்குறிப்பு இருக்காது, 'இன்ன மெட்டில் பாடவும்' என்று தலைப்பில் போட்டிருக்கும். சென்னை குஜிலிக் கடைத்தெருவில் விற்ற கொலைச் சிந்துப் புத்தகங்கள் போலத்தான். தூக்குத்தண்டனைச் செய்திகளுக்கு என்றே 'ஃபார்ச்சூன் மை ஃபோ' என்ற ஒரு மெட்டு இருந்தது, அது தொடங்கியவுடன் ஜனங்களுக்கு விஷயம் புரிந்துவிடும்.

அங்கே போனபின்

உடை அவசியமில்லை. சாதாரண டி-ஷர்ட்டில் போனாலும் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். போட ஆசை என்றால் தளர்ந்த வெள்ளைச் சட்டையும் ஒரு இடுப்புப் பட்டையும் போதும். அங்கே இதைக் 'கார்ப்' என்பார்கள், வாடகைக்கும் கிடைக்கும். உடையைவிட முக்கியம் செருப்பு. மண் தரை, மழை பெய்திருந்தால் சேறு. மூடிய ஷூ போடுங்கள்.

பப் சிங் தொடங்க அரை மணி முன்பே இடம் பிடியுங்கள். மேடைக்கு மிக அருகே வேண்டாம், அங்கே வருடாவருடம் வரும் பழைய ஆட்கள் இருப்பார்கள், அவர்கள் தட்டுவதில் உங்கள் குரல் உங்களுக்கே கேட்காது. மிகப் பின்னால் போனால் பேச்சுச் சத்தம். பக்கவாட்டில், பாடகரின் வாய் தெரியும் இடம்தான் சரி. அவர் மூச்சு இழுக்கும்போது நீங்களும் இழுங்கள், கோரஸ் எங்கே தொடங்குகிறது என்று தனியாகக் கணக்குப் போட வேண்டியதில்லை. சுருதி எட்டவில்லை என்றால் ஒரு ஸ்தாயி கீழே பாடுங்கள். வார்த்தை தெரியாத இடத்தில் மெட்டை மட்டும் முனகலாம்.

சரணத்தில் மட்டும் சேராதீர்கள், உங்களுக்கு மனப்பாடமாகத் தெரிந்தாலும். அந்த வரிகளில் பாடகர் ஏதாவது மாற்றி வைத்திருப்பார், நகைச்சுவையே அதில்தான் இருக்கும். பாராட்ட 'ஹஸா' என்று கத்துவது அங்கத்திய வழக்கம். விசில் அடித்தாலும் தப்பில்லை.

பாட்டு குடியைப் பற்றியது என்பதற்காகக் குடிக்க வேண்டியதில்லை. எலுமிச்சைச் சாறு பிடித்த கையும் கோப்பை பிடித்த கைதான். மது வாங்க 21 வயதுக்கான அடையாள அட்டை கேட்பார்கள், எந்த வயதாகத் தெரிந்தாலும் கையில் வைத்திருங்கள். திரும்பி ஓட்டப் போகிறவர் யார் என்பதைக் காலையிலேயே முடிவு செய்துவிடுங்கள். இந்த இடங்கள் பெரும்பாலும் ஊருக்கு வெளியே, பஸ் கிடையாது, ஊபர் கிடைப்பதும் சந்தேகம்.

தொப்பி

காட்சி முடிந்ததும் தொப்பி சுற்றி வரும். வேடிக்கையாகக் கேட்பார்கள், ஆனால் வேடிக்கை இல்லை, பலருக்கு அன்றைய வருமானத்தில் பெரிய பங்கு அதுதான். சில்லறை நோட்டுகளாகப் பணம் கொண்டுபோங்கள், செல்போன் சிக்னலை நம்ப வேண்டாம். அரை மணி நேரம் உட்கார்ந்து ரசித்த காட்சிக்கு ஆளுக்கு 5 டாலர் போடலாம் என்பது என் கணக்கு. பாட்டு பிடித்திருந்தால் அவர்களுடைய இசைத்தட்டையும் வாங்குங்கள், அடுத்த வருடத்துக்கான பாடப்புத்தகம் அதுவே. தென் கலிஃபோர்னியாவின் பாக்ஸி பாகர்ட்ஸ், மேரிலாந்தின் பைரட்ஸ் ராயல், ஆஸ்டினில் உருவான பிராப்டிங்நேகியன் பார்ட்ஸ் போன்ற குழுக்களின் பதிவுகள் இணையத்திலும் கிடைக்கின்றன. முதல் குழுவைக் குழந்தைகள் இருக்கும்போது காரில் போட வேண்டாம்.

குழந்தைகளோடு போனால்

அந்த விஷயத்துக்கே வருகிறேன். இந்தப் பாட்டுகளில் கணிசமானவை இரட்டை அர்த்தம். ஆலைக்காரன், பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவன், உழவன் யார் வந்தாலும் அவன் தொழிலை மட்டும் செய்வதில்லை. இது இன்றைய அமெரிக்கர்கள் சேர்த்த கெட்ட பழக்கமும் இல்லை, ஹென்றி பர்சல் போன்ற பெரிய இசையமைப்பாளரே 17ஆம் நூற்றாண்டில் அச்சில் ஏற்றக் கூச்சப்படும் வட்டப்பாட்டுகள் எழுதியிருக்கிறார். நிகழ்ச்சி நிரலில் பெரியவர்களுக்கு மட்டும் என்று குறித்திருக்கிறார்களா என்று பாருங்கள், மேடையோரப் பலகையையும் பாருங்கள். பகல் காட்சிகளில் 'ராட்லின் பாக்' மாதிரிப் பாட்டுகள் இருக்கும், பிள்ளைகள் துள்ளுவார்கள். மாலைக் கூட்டத்தில் ஒருவர் குழந்தைகளோடு பொம்மைக் கடைப் பக்கம் சுற்ற, இன்னொருவர் பாட, நடுவில் மாற்றிக்கொள்ளலாம். பத்து வயதுக்குள் ஆங்கிலத்தில் வளரும் பிள்ளைகளுக்கு நம்மைவிட அதிகம் புரியும் என்பதை மறக்க வேண்டாம்.

நீங்களே ஒரு பாட்டு எடுக்க

இரண்டு மூன்று முறை போனபின் இந்த ஆசை வரும். திருவிழா மேடை அதற்கு இடமில்லை. உங்கள் ஊரில் நாட்டுப்பாடல் வட்டம் இருக்கிறதா என்று தேடுங்கள், பெரிய அமெரிக்க நகரங்களில் ஏதாவது ஒரு நூலகத்திலோ பப்பிலோ மாதம் ஒருமுறை கூடுவார்கள். ஐரிஷ் செஷன் என்பது வேறு, அங்கே வாத்தியம்தான் பிரதானம், கேட்காமல் பாடத் தொடங்கினால் முகம் சுளிப்பார்கள்.

பாட்டைத் தேட நல்ல வழி ரவுட் எண். ஸ்டீவ் ரவுட் என்ற ஆங்கிலேய நூலகர் நாட்டுப்பாடல்களுக்கு எல்லாம் எண் போட்டு அடுக்கிய பட்டியல், லண்டனில் சிசில் ஷார்ப் இல்லத்தில் உள்ள வான் வில்லியம்ஸ் நினைவு நூலகத்தின் தளத்தில் இலவசமாக இருக்கிறது. 'பார்பரா ஆலன்' 54, 'வைல்ட் ரோவர்' 1173. பெயர் எத்தனை விதமாக மாறினாலும் எண் மாறாது. கதைப்பாடல்களுக்கு இன்னொரு எண்ணும் சொல்வார்கள், அது ஹார்வர்டு பேராசிரியர் ஃபிரான்சிஸ் ஜேம்ஸ் சைல்ட் 1882 முதல் 1898 வரை வெளியிட்ட 305 கதைப்பாடல் தொகுப்பில் உள்ள வரிசை. 'பார்பரா ஆலன்' அதில் 84. பழைய அச்சுத் தாளையே பார்க்க விரும்பினால் சாண்டா பார்பரா பல்கலைக்கழகம் ஆயிரக்கணக்கில் இணையத்தில் ஏற்றியிருக்கிறது, பலவற்றைப் பாடியும் வைத்திருக்கிறார்கள்.

கிடைத்த வடிவங்களில் மூன்றை எடுத்து ஒப்பிட்டு, வாயில் தடுக்காத வரிகளை வைத்துக்கொண்டு மற்றதை வெட்டிவிடுங்கள். இந்த மரபில் அது உரிமை. சொல் சொல்லாக உருப்போடாமல் கதையின் காட்சிகளை வரிசையாக மனதில் வைத்துக்கொண்டால் மேடையில் மறக்காது. செல்போனைப் பார்த்துப் பாடுவதை யாரும் தடுக்க மாட்டார்கள், ஆனால் பாட்டு செத்துவிடும்.

முதல் பாட்டுக்கு நான் சிபாரிசு செய்வது மறுபடியும் அந்தப் பொய்ப் பாட்டு, 'மார்ட்டின் செட் டு ஹிஸ் மேன்'தான். கூட்டத்துக்குப் பதில் வரி தெரியும், உங்கள் வேலை பொய் மட்டும், புதிதாகவும் கட்டலாம். எறும்பு யானையைச் சுமந்ததும், மீன் மரமேறியதும் ஆங்கில எதுகையில் எளிதாக உட்காரும். தொடங்கும் முன் மிக உயர்ந்த வரியை மனதுக்குள் பாடிப் பார்த்துச் சுருதி வையுங்கள். அப்படியும் உயரமாகப் போய்விட்டால் இரண்டாவது வரியிலேயே நிறுத்தி, கீழே இறக்கி, மறுபடி ஆரம்பியுங்கள். பழைய பாடகர்களே அதைத்தான் செய்கிறார்கள்.